புற்றும் குடையும்: காஞ்சிச் சமவெளியில் காட்டுக் காளானை அடையாளம் காணுதல்

காஞ்சிபுரத்தில் காட்டுக் காளானைப் பற்றிப் பேச்செடுத்தால், இங்கே காடு எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பாலாற்றின் இரு பக்கமும் ஏரி, நெல்வயல், சவுக்குத் தோப்பு, தைலமரத் தோப்பு, இடையிடையே முள்ளும் காரையும் மண்டிய காப்புக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகள் போல எதுவும் இந்தச் சமவெளியில் இல்லை. ஆனால் காளானுக்கு ஓங்கிய காடு வேண்டியதில்லை, மக்கும் பொருளும் ஈரமும் போதும். நல்ல மழை பெய்து ஓய்ந்த இரண்டாம் மூன்றாம் நாள் விடியலில் ஏரிக்கரை, வரப்பு, களத்துமேடு, வைக்கோல் போர், பட்டுப்போன மரம், கறையான் புற்று என்று கண்ட இடமெல்லாம் குடை விரிந்து நிற்கும். இவற்றில் எதைச் சமைக்கலாம், எதைத் தொடாமல் விடவேண்டும்?

வீடுகளில் புழங்கும் விடைகளையும் அறிவியல் தரும் விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று உறுதிப்படுகிறது. விஷக் காளானைப் பொதுவாகக் காட்டிக்கொடுக்கும் சோதனை என்று ஒன்று கிடையாது. ‘இது இன்ன காளான்’ என்று ஐயமில்லாமல் பெயர் சொல்லத் தெரிந்தால் அதைத் தின்னலாம். பெயர் தெரியாததெல்லாம் விஷம் என்றே கொள்ளவேண்டும். காஞ்சி வட்டாரத்தில் அப்படி உறுதியாகப் பெயர் சொல்லும் அறிவு, தலைமுறை தலைமுறையாக, ஒரே ஒரு காட்டுக் காளானைச் சுற்றித்தான் திடமாக வளர்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு. அது புற்றுக் காளான்.

அதன் கதை பழையது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கள் சமைப்பதற்குச் சேர்க்கும் முளை அடைக்கு உவமையாகப் பாம்பு குடியிருக்கும் புற்றின் குரும்பி வருகிறது. உரைகாரர்கள் அதைப் புற்றாஞ்சோறு என்பார்கள். புற்றை வெட்டினால் உள்ளே மூளைமடிப்புப் போலத் துளைதுளையாக, பழுப்பு நிறத்தில் கிடைக்கிறதே, அதுதான். கறையான் தனக்கென வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் அது. அந்தப் புலவர் புற்றை வெட்டிப் பார்த்தவர்களோடு பழகியிருக்கவேண்டும். தெற்கே ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையோ, பாணனின் வறிய அடுக்களையில் கறையான் அரித்து உதிர்த்த சுவர்ப் புழுதியிலிருந்து காளான் பூத்து நிற்பதைக் காட்டுகிறது. கறையானையும் காளானையும் ஒரே பார்வையில் சேர்த்துக் கண்டவர்கள் நம்மிடம் அப்போதே இருந்தார்கள்.

அந்த உறவை முதன்முதலில் ஐரோப்பிய அறிவியல் ஏட்டில் ஏற்றியதும் தமிழ் மண்தான். தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனின் மருத்துவராக இருந்த யோஹன் கெர்ஹார்ட் கோனிக், தஞ்சைப் பகுதிப் புற்றுகளைத் திறந்து பார்த்துக் கறையானைப் பற்றி எழுதிய கட்டுரை 1779இல் பெர்லினில் அச்சானது. புற்றுக்குள் பூஞ்சை இருப்பதை அவர் அதில் பதிந்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைப் பேராதனைப் பூங்காவில் தாமஸ் பெட்ச் அதே ஆய்வை விரித்தார். பிரெஞ்சுக்காரர் ரோஜர் எய்ம் 1942இல் இந்தக் காளான்களுக்கென்றே டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தை வகுத்தார். அவர் பெயரைத் தாங்கிய டெர்மிட்டோமைசிஸ் எய்மி என்ற இனத்தை 1979இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் கே. நடராஜன். நம் ஊர்க்காரர்கள் குழம்பு வைத்துத் தின்றுகொண்டிருந்த ஒன்றுக்கு, நம் ஊர்க்காரர் ஒருவரே உலகப் பெயர் கொடுத்தார். இதைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

புற்றுக் காளானை அடையாளம் காண்பது மற்றவற்றைவிட ஏன் எளிது என்பதற்குக் காரணம் அதன் வாழ்க்கையிலேயே இருக்கிறது. கறையான் காய்ந்த இலையையும் மரத்தூளையும் தின்று கழித்து, அந்தக் கழிவால் குரும்பியைக் கட்டுகிறது. அதன்மேல் பூஞ்சை இழை படர்ந்து வெள்ளை முடிச்சுகளாகத் திரள்கிறது. கறையானால் தானாகச் செரிக்க முடியாத நார்ப்பொருளைப் பூஞ்சை சிதைத்துத் தருகிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று வாழமுடியாத இந்த உறவு ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்காவில் தொடங்கியதாகக் கணிக்கிறார்கள். மண் நன்றாக நனைந்ததும் பூஞ்சை தன் காளானை மேலே அனுப்புகிறது. அதற்குக் கெட்டி மண்ணைத் துளைத்து வரவேண்டும். அதனால் குடையின் நடு உச்சி கூராக, கடினமாக இருக்கும். தண்டு தரைக்குக் கீழே வேர்போல நீண்டு, மெலிந்து, குரும்பிவரை இறங்கும்.

இந்த வேர்தான் சாட்சி. காளானைக் கிள்ளி எடுப்பவருக்கு அது தெரியாது. கம்பியாலோ கடப்பாரையாலோ பக்கவாட்டில் மண்ணைத் தளர்த்தி, வேரோடு உருவி எடுப்பவர், அது புற்றில் போய் முடிகிறதா என்று பார்த்துவிடுகிறார். கூரான உச்சி, நீண்ட வேர், அடியில் கிண்ணம்போன்ற உறை இல்லாமை, தண்டைத் தொடாமல் நிற்கும் வெண்செவுள்கள், நாளாக ஆக அவை இளஞ்சிவப்புச் சாயல் கொள்வது, கீழே உயிருள்ள கறையான் கூடு: இத்தனையும் ஒருசேர இருந்தால் பிழைக்கு இடம் மிகக் குறைவு. ஒன்று குறைந்தாலும் விட்டுவிடவேண்டும். புற்றின் மேட்டில் முளைத்திருக்கிறது என்பது மட்டும் போதாது. புற்றுமண் வளமானது, அதன்மேல் வேறு காளானும் முளைக்கும். மேடே தெரியாமல் தரைக்குள் கூடு கட்டும் கறையானும் உண்டு. அங்கே சமதரையில் காளான் மட்டும் வெளியே நிற்கும். அரிசிபோல் சிறு சிறு குடைகள் ஒரு பாய் அகலத்துக்குக் கூட்டமாக விரியும் வகைக்கு நீண்ட வேரும் இருப்பதில்லை, ஏனென்றால் கறையானே குரும்பித் துண்டுகளை மேலே கொண்டுவந்து கொட்டுகிறது. அந்தச் சிறு வகையைப் பழகியவர் துணையில்லாமல் தொடக்கூடாது.

இங்கே இருளர்களைச் சொல்லாமல் நகர முடியாது. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தால் உலகம் அவர்களை அறிந்தது. பாம்பைத் தேடுபவருக்குப் புற்று தெரியும். எலி வளையைத் தோண்டுபவருக்கு வரப்பு தெரியும். ஈசல் பிடிப்பவருக்கு எந்தப் புற்று உயிரோடு இருக்கிறது என்பது தெரியும். காளான் அறிவு இவையெல்லாவற்றோடும் பின்னிக் கிடக்கிறது. போன வருடம் இந்த இடத்தில் முளைத்தது, அதற்கு முந்தைய வருடமும் முளைத்தது என்ற நினைவுதான் அவர்களின் புத்தகம். ஆடு மேய்ப்பவர்களிடமும் களையெடுக்கப் போகும் பெண்களிடமும் இதில் ஒரு பங்கு உண்டு. நகரத்துக்குள் இது வரவில்லை. பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்பவருக்குக் கூதலால் பாவு ஈரம் ஏறும் கவலைதான் மழைக்காலம். கோயிலைச் சுற்றிய ஆசாரக் குடும்பங்களிலோ காளான் விலக்கு. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் பூண்டு, வெங்காயத்தோடு காளானையும் விலக்குகிறது. சாஸ்திரம் முழுக்க இப்படி என்று நினைக்கவேண்டாம். சுசுருத சம்ஹிதை வைக்கோல், கரும்பு, சாணம், மூங்கில், மண் என்று காளான்களை அவை முளைக்கும் இடத்தை வைத்துப் பிரித்துக் குணம் சொல்கிறது. முளைக்கும் இடத்தைப் பார் என்பது இன்றைக்கும் அடையாளத்தின் முதல் விதி.

இனி ஆபத்தின் பக்கம். உலகத்தில் காளானால் சாகிறவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொல்வது அமானிட்டா பேரினம். அதில் பல இனங்கள் குறிப்பிட்ட மரங்களின் வேரோடு கூட்டு வைத்துத்தான் வாழும்: பைன், ஓக், வடக்கே சால். நீலகிரி, கொடைக்கானல் பைன் தோப்புகளில் வெண்புள்ளி போட்ட சிவப்பு அமானிட்டா பதிவாகியிருக்கிறது. காஞ்சிச் சமவெளி முள்காட்டில் அவ்வகைத் துணைமரங்கள் அரிது. அதனால் நிம்மதி கொள்வது தவறு. மரத்துணை தேவையில்லாமல் புல்லிலும் குப்பையிலும் முளைக்கும் லெப்பியோட்டா பேரினத்தின் சில சிறு குடைகளிலும் அமானிட்டாவிலுள்ள அதே கொடிய நஞ்சான அமாடாக்சின் இருக்கிறது. சவுக்கும் தைலமரமும் நட்ட இடங்களில் உருண்டையாக முளைக்கும் ஸ்கிளிரோடெர்மாவும் விஷம்தான். தின்னக்கூடிய உருண்டைக் காளானை நெடுக்காக வெட்டினால் உள்ளே ஒரே வெள்ளையாக இருக்கும். ஸ்கிளிரோடெர்மாவோ கருத்து, கெட்டியாக இருக்கும். வெட்டும்போது உள்ளே குடையும் தண்டும் அடங்கிய உருவம் தெரிந்தால் அது அமானிட்டாவின் மொட்டு.

நம் வட்டாரத்தில் ஏமாற வாய்ப்பு அதிகம் என்று நான் அஞ்சுவது குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்பதைத்தான். வெப்ப நாடுகளில் புல்தரை இருக்கும் இடமெல்லாம் மழைக்குப் பின் வரும் பெரிய வெள்ளைக் குடை. மேலே பழுப்புச் செதில்கள், தண்டில் நகர்த்தக்கூடிய வளையம். பார்க்க அத்தனை அழகு, தின்னத் தோன்றும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் புல்வெளி, பள்ளி மைதானம், புதிய குடியிருப்பின் பூங்கா என்று அதற்குப் பிடித்த தரையை நாமே நாள்தோறும் பெருக்கிவருகிறோம். தின்ற ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. முதிர்ந்தால் இதன் செவுள் பச்சையாகும், வித்துகளே பச்சை. ஆனால் இளசாக இருக்கையில் செவுள் வெள்ளைதான். சமையலுக்குப் பறிப்பவர் இளசைத்தானே தேடுவார்?

அந்தத் தொழிற்சாலைகளில் அசாம், ஒடிசா, ஜார்கண்ட், பீகார் மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஜார்கண்டில் மழை தொடங்கியதும் சால் மரத்தடியில் ருக்டா என்ற காளானைப் பறிப்பது பெரிய விழா மாதிரி. அந்தக் கண்களோடு இங்கே வந்தவர், ஊரில் பார்த்ததைப் போன்ற ஒன்றை இங்கே பார்த்தால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவின் கான்பராவில் 2011 டிசம்பர் கடைசி இரவு விருந்தில் மரணக்குடை எனப்படும் அமானிட்டா ஃபல்லாய்ட்ஸைத் தின்று இருவர் சில நாட்களில் இறந்தார்கள். சீனச் சமையலில் புழங்கும் வைக்கோல் காளான் என்று நினைத்துப் பறித்ததாகவே கருதப்படுகிறது. இரண்டுக்கும் அடியில் கிண்ணம் உண்டு. வைக்கோல் காளானுக்குத் தண்டில் வளையம் இல்லை, வித்து இளஞ்சிவப்பு. மரணக்குடைக்கு வளையம் உண்டு, வித்து வெள்ளை. அந்த மரணக்குடையோ ஐரோப்பாவிலிருந்து ஓக் மரங்களோடு அங்கே குடியேறியது. காளான் அறிவு ஊருக்கு உரியது. ஊர் மாறினால் அதே கண் ஏமாந்துபோகும். தொழிலாளர் விடுதிகளில் அசாமியிலும் இந்தியிலும் ஒரு எச்சரிக்கைச் சுவரொட்டி ஒட்டுவதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

அசாமையே எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்ரலில் மேல் அசாமின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் காட்டுக் காளான் தின்று, திப்ருகரிலுள்ள அசாம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் 13 பேர் சில நாட்களில் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அவர்கள் காளான் தெரியாதவர்கள் இல்லை. வருடா வருடம் பறித்துத் தின்றவர்கள். பழக்கம் இருந்தும் அடையாளம் தவறியது என்பதுதான் இதில் நெஞ்சைப் பிசைகிறது.

அமாடாக்சின் எப்படிக் கொல்கிறது என்று தெரிந்தால், வீட்டுச் சோதனைகள் ஏன் பயன்படாது என்பது தானாக விளங்கும். அந்த நஞ்சு உயிரணுக்களுக்குள் புகுந்து, மரபணுச் செய்தியைப் படியெடுக்கும் நொதியை முடக்குகிறது. புதிய புரதம் உண்டாவது நிற்கிறது. கல்லீரல் அணுக்கள் கூட்டமாகச் சாகின்றன. உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் போதும். வளர்ந்த ஒரு மரணக்குடையில் அது முழுதாகக் கிடைக்கும். கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் நஞ்சு அழியாது. சுவை கெட்டதாகவும் இருக்காது. தின்று பிழைத்தவர்கள் ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது நம் சமையலறைச் சோதனைகளைப் பாருங்கள். வெள்ளிக் காசு போட்டுக் கொதிக்கவைத்தால் கறுக்கும், மஞ்சள் நிறம் மாறும், பூண்டு நீலமாகும், அரிசி சிவக்கும் என்பார்கள். வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். அமாடாக்சினுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. எறும்பு மொய்த்தது, புழு இருக்கிறது, ஆகவே நல்லது என்பதும் உதவாது. நத்தைகளும் சில பூச்சிகளும் கொடிய அமானிட்டாவைத் தின்று நலமாக இருக்கின்றன. பளிச்சென்ற நிறம் விஷம், வெள்ளை நல்லது என்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் ‘அழிக்கும் தேவதை’ என்று அழைக்கும் அமானிட்டாக்கள் பால்வெள்ளை. ‘மாடு தின்றது, எங்களுக்கும் ஆகும்’ என்பதும் அப்படியே. இந்தச் சோதனைகள் இத்தனை நாள் எப்படிப் பிழைத்தன என்று யோசித்தால், பெரும்பாலான காளான்கள் உயிரைக் கொல்லாதவை என்பதே காரணம். நூறு தடவை தப்பித்தவர் நூற்றொன்றாம் தடவைக்கும் அந்த வெள்ளிக் காசைத்தான் போடுவார்.

புதிய சோதனை கைப்பேசிச் செயலி. ஆஸ்திரேலியாவில் 78 மாதிரிகளைக் கொண்டு மூன்று செயலிகளைச் சோதித்து 2023இல் வெளியான ஆய்வில், அவற்றுள் சிறந்ததே ஏறத்தாழப் பாதியைத்தான் சரியாகச் சொன்னது. அங்கே படங்கள் ஏராளம் சேர்ந்திருந்தும் இந்த நிலை. காஞ்சிப் புற்றுமேட்டுக் காளானுக்கு அந்தச் செயலிகளிடம் எவ்வளவு படம் இருக்கும்? ஆர்வத்துக்குப் பயன்படுத்தலாம், அடுப்புக்குக் கூடாது. அதே 2023இல், இயந்திரம் எழுதிய காளான் வழிகாட்டிகள் இணையக் கடைகளில் விற்பதாக நியூயார்க் பூஞ்சையியல் சங்கம் எச்சரித்ததும் நினைவிலிருக்கட்டும்.

முறையாக அடையாளம் காண விரும்புபவர் முதலில் கிள்ளுவதை விடவேண்டும். மண்ணோடு தோண்டி எடுத்தால்தான் அடிக்கிண்ணம் தெரியும். எதன்மேல் முளைத்தது, பக்கத்தில் என்ன மரம், தனித்தா கூட்டமா, வெட்டினால் நிறம் மாறுகிறதா, மணம் எப்படி என்று அங்கேயே எழுதிக்கொள்ளவேண்டும். வீட்டுக்கு வந்ததும் வித்துப் பதிவு எடுக்கலாம்: தண்டை வெட்டிவிட்டு, பாதி வெள்ளை பாதி கறுப்பான தாளில் செவுள் கீழே இருக்கும்படி குடையைக் கவிழ்த்து, ஒரு டம்ளரால் மூடி இரவு முழுக்க விட்டால், காலையில் வித்து படிந்த கோலம் கிடைக்கும். அமானிட்டாவும் லெப்பியோட்டாவும் வெள்ளை. புற்றுக் காளான் வெளிறிய இளஞ்சிவப்பு. வைக்கோல் காளானும் இளஞ்சிவப்பு. மொட்டுக் காளானின் உறவுகள் சாக்லேட் பழுப்பு. குளோரோபில்லம் பச்சை. இது விஷச் சோதனை ஆகாது, குடும்பத்தைச் சுருக்கிக் காட்டும் கருவி. இனத்தின் பெயர்வரை போக நுண்ணோக்கியும் சில வேதிக் கரைசல்களும் இப்போது மரபணு வரிசையும் வேண்டியிருக்கின்றன.

பெயர் உறுதியானாலும் இன்னொரு கேள்வி நிற்கிறது: முளைத்த மண் எப்படிப்பட்டது? காளான்கள் மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்பவை. பாலாற்றின் மேற்பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள். காஞ்சிக்குள்ளேயே பட்டுச் சாயப்பட்டறைகள். நெடுஞ்சாலை ஓரங்கள், பூச்சிமருந்து தெளித்த வயல்கள். அங்கே முளைத்த நல்ல காளானையும் நான் தின்னமாட்டேன். உண்ணத்தக்கவற்றையும் பச்சையாகத் தின்னக்கூடாது; முதல்முறை தின்பவர் சிறிதளவே தின்னவேண்டும்.

காளான் ஆசைக்கு வேறு வழியும் இருக்கிறது. 1940களின் தொடக்கத்திலேயே கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டினார்கள். வங்கத்தில் 1974இல் விவரிக்கப்பட்ட பால் காளானைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏ.பி.கே. 2 என்ற ரகமாக வெளியிட்டு, வெப்பமான ஊர்களிலும் கூரைக் கொட்டகைக்குள் வளரும் பயிராக்கியது. புற்றுக் காளானை மட்டும் இதுவரை யாரும் கறையான் இல்லாமல் வணிக அளவில் வளர்க்கவில்லை. அதன் சுவைக்கு ஏங்குகிறவர் மழைக்கும் புற்றுக்கும்தான் காத்திருக்கவேண்டும்.

மருத்துவப் பக்கத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். தின்ற இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி வந்தால் துன்பம் பெரிது, ஆனால் பெரும்பாலும் உயிர் தப்பும். ஆறு மணி நேரம் கழித்து, இரவு தின்று விடியற்காலையில் வயிற்றுப்போக்கு தொடங்கினால், அமாடாக்சினை ஐயுறவேண்டும். அதிலும் வஞ்சகம் இரண்டாம் நாளில். வாந்தி நின்று, நோயாளி எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்குப் போகலாம் என்பார். அந்த நேரத்தில் கல்லீரல் உள்ளே கருகிக்கொண்டிருக்கும். மூன்றாம் நான்காம் நாளில் மஞ்சள் காமாலையும் மயக்கமும் வரும். ஆகவே 108ஐ அழைத்து உடனே போகவேண்டும், மீந்த காளானையும் குப்பையில் போட்ட துண்டையும் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போகவேண்டும், ஒரே குழம்பைச் சாப்பிட்ட எல்லோரும், நலமாக இருப்பவரும்கூட, போகவேண்டும். கரித்தூள், திரவம் ஏற்றுதல், சிலிபினின், அசிட்டைல் சிஸ்டீன் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்ப்பார்கள். எல்லாம் தவறினால் கல்லீரல் மாற்று. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2009 முதல் அந்த அறுவை நடக்கிறது. சீன ஆய்வாளர்கள் 2023இல், மருத்துவப் படமெடுப்பில் பயன்படும் இண்டோசயனின் கிரீன் என்ற சாயம் எலிகளில் இந்த நஞ்சின் வேகத்தைக் குறைப்பதாகக் கண்டார்கள். மனிதருக்கான மருந்தாக அது இன்னும் ஆகவில்லை.

காஞ்சி வட்டாரத்துக்கு உடனடியாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தொழிற்பேட்டைகளும் வீட்டுமனைகளும் பரவும் வேகத்தில் ஏரிக்கரைப் புற்றுகள் சமனாகின்றன. அம்மன் குடியேறியதாக மஞ்சள் பூசிப் பால் ஊற்றும் புற்றுகள் தப்புகின்றன, மற்றவை மண்வெட்டும் இயந்திரத்துக்குப் போகின்றன. புற்று போனால் காளான் போகும்; அதைத் தெரிந்துவைத்திருந்தவரின் அறிவுக்கும் வேலை இல்லாமல் போகும். கல்லூரித் தாவரவியல் மாணவர்கள் இருளர் குடியிருப்புகளுக்குப் போய், அவர்களுக்குக் கூலி கொடுத்து, அவர்கள் காட்டும் ஒவ்வொரு காளானையும் அவர்கள் சொல்லும் பெயரோடு, முளைத்த இடத்தோடு, வித்துப் பதிவோடு, உலர்த்திய மாதிரியோடு இரண்டு மூன்று மழைக்காலங்கள் தொகுக்கலாம். அவர்கள் தின்னாமல் ஒதுக்குபவற்றையும் சேர்த்துத் தொகுக்கவேண்டும். ஒதுக்கும் அறிவுதான் இதில் அரிது. மாதிரிகளை வைக்க நடராஜன் பணியாற்றிய அதே சென்னைப் பல்கலைக்கழக மையத்தின் உலர்தாவரச் சேகரிப்பு இருக்கிறது. அறிவைத் தந்தவர்களின் பெயர் தாளில் முதலில் வரவேண்டும், ஒரு படி மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.